களை காத்திருக்காது: வேளாண் ரோபோ ஆய்வு நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர்களுக்கும் கொள்முதல் குழுவினருக்கும் வணக்கம்.

நெல் வயலில் களையெடுக்கும் ரோபோக்களை உருவாக்கும் ஆய்வு மாணவர்கள் எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். உதிரிபாகம், வயலுக்குப் போக வண்டி, அனுமதி எல்லாம் பயிரின் நாளைப் பார்த்துக் கிடைக்க வேண்டும்.

திருந்திய நெல் சாகுபடியில் நட்ட 10 முதல் 15 நாளுக்குள் முதல் களை. பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை, வரிசைக்கு நடுவே கையால் தள்ளும் களைக்கருவியான கோனோவீடர் ஓட்டுவார்கள். 40 நாள் தாண்டினால் பயிர் தூர் கட்டி வரிசை மூடத் தொடங்கிவிடும். ஒரு பருவத்தில் ரோபோவைச் சோதிக்கக் கிடைப்பது ஏறக்குறைய நான்கு வாரம். குறுவையில் விட்டால் அடுத்தது சம்பா நடவுக்குப் பிறகுதான்.

அந்த நான்கு வாரத்தில் எது பழுதாகும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். களிமண் சக்கரப் பற்களுக்கு இடையே அப்பிக்கொள்ளும். பல் மறைந்த சக்கரம் வழவழப்பான உருளையாகி, நின்ற இடத்திலேயே சுழலும். சக்கரச் சுற்றை எண்ணும் என்கோடரோ வண்டி நகர்வதாகவே கணக்குச் சொல்லும். இன்னும் ஆழமாகப் புதைந்தால் மோட்டார் முழுதாக நின்றுவிடும். சுழலும் மோட்டாரில் தானாக உருவாகி மின்னோட்டத்தை எதிர்க்கும் எதிர் மின்னழுத்தம், சுழலாத மோட்டாரில் உருவாகாது. கம்பிச்சுற்றின் சிறிய மின்தடை மட்டுமே மின்னோட்டத்தைத் தடுக்கும். மின்னோட்ட வரம்பு சரியாக வைக்காவிட்டால் மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி அனுப்பும் டிரைவர் போர்டு சில நொடிகளில் கருகும். ஆகவே இந்த மோட்டார் டிரைவர் என்பது வயலில் தீர்ந்துபோகும் பொருள். அதை ஐந்தாண்டு இருப்புப் பதிவேட்டில் ஏறும் கருவியாகக் கருதி, பழையதை ஒப்படைத்தால்தான் புதியது என்று சொல்வது பொருந்தாது.

கியர்பாக்ஸ் அச்சைச் சுற்றி எண்ணெய் கசியாமலும் தண்ணீர் புகாமலும் அடைக்கும் வளையமான ஆயில் சீல் இன்னும் சின்னது. அச்சு வழியாக மணல் கலந்த சேறு உரசி உரசி அதன் விளிம்பு தேய்ந்ததும் கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்கும். எண்ணெய் பால் நிறமாக மாறுவது முதல் அடையாளம். அதே அளவுள்ள சீல் பேரிங் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். அதற்கும் மூன்று விலைப்புள்ளி கேட்டுக் கோப்பு சுற்றினால், அது திரும்பி வருவதற்குள் களைப் பருவம் முடிந்துவிடும்.

ஆய்வுக்கூடத் தரையில் ஓட்டிப் பார்த்தால் போதாதா என்று கேட்கப்படுகிறது. போதாது. 25 செ.மீ. வரிசை இடைவெளியில் 15 செ.மீ. அகலக் களையெடுப்பான் போனால் இருபுறமும் மிஞ்சுவது 5 செ.மீ. தரையில் நிறுத்திய நிலையத்தின் உதவியோடு பிழையைத் திருத்தும் ஆர்டிகே ஜிபிஎஸ் நன்றாகப் பிடித்தால் 2 செ.மீ. துல்லியம் தரும். ஆனால் ஆன்டெனா ஒரு மீட்டர் உயரத்தில் இருக்க, ஒரு பக்கச் சக்கரம் இறங்கி வண்டி 5 பாகை சாய்ந்தாலே தரைமட்டத்தில் கிட்டத்தட்ட 9 செ.மீ. பிழை வந்துவிடும். சாய்வை அளந்து திருத்தும் நிரல் சரியா என்பதைச் சேற்றில் இறக்கித்தான் காண முடியும். வரப்போரத் தென்னை ஓலை வானத்தை மறைக்கும்போது துல்லியம் பல செ.மீ. சரியும், அப்போது வண்டி தானே நிற்கிறதா என்பதும் அங்கேதான் தெரியும்.

லித்தியம் பாலிமர் பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. முழுதாகச் சார்ஜ் ஏற்றிய செல் 4.2 வோல்ட். களத்துக்குப் போவது தள்ளிப்போனால் அதை 3.8 வோல்ட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் அது உப்பத் தொடங்கும். உப்பிய பேட்டரியை மாற்றுவது சிக்கனம் பார்க்கும் விஷயம் அல்ல, தீ விபத்தைத் தவிர்க்கும் விஷயம். தனி இரும்பு அலமாரியும் மணல் வாளியும் ஒவ்வோர் ஆய்வுக்கூடத்துக்கும் உடனே வேண்டும்.

செய்ய வேண்டியவை இவை. நடவுக்கு இரண்டு மாதம் முன்பே டிரைவர், சீல், பேரிங், ஃபியூஸ், கனெக்டர் ஆகியவற்றின் பட்டியலுக்கு ஒரே ஒப்புதல் தாருங்கள். பருவம் முழுவதற்கும் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் பெயரில் முன்பணம் கொடுத்து, ரசீதைப் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். வயலில் நிற்கும் நாளை வருகைப் பதிவில் சேருங்கள்.

இன்னொன்று, எங்களுக்கு மிக முக்கியமானது. சோதனையில் வண்டி தடம் மாறினால் மிதிபடுவது விவசாயியின் பயிர். அதற்கு இழப்பீடு கொடுக்க ஆய்வு நிதியில் ஒரு செலவுத் தலைப்பு வேண்டும். எத்தனை குத்துக்கு எவ்வளவு என்று வண்டி வயலில் இறங்குவதற்கு முன்பே அவரோடு எழுதி முடிவு செய்யும் அதிகாரத்தைப் பொறுப்பாளருக்குத் தாருங்கள்.

இப்படிக்கு,
வேளாண் ரோபோ ஆய்வு மாணவர்கள்