இயந்திரத்தோடு பராமரிப்பையும் தாருங்கள்: சேவைச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரோட்டரி, லயன்ஸ் உள்ளிட்ட சேவைச் சங்கங்களின் மாவட்ட ஆளுநர்களுக்கும் தலைவர்களுக்கும்,

வணக்கம். தர்மபுரி மாவட்டத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வழங்க விரும்புவதாகவும், விழாவன்று பிள்ளைகளைச் சீருடையில் வரிசையாக நிறுத்திவைக்குமாறும் சென்ற வாரம் ஒரு சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. அதே சங்கம் முன்பு கொடுத்த குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் பழுதாகிக் கிடப்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. சங்கத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் வேறு சங்கங்கள் கொடுத்தவையும் இதே கதியில்தான் இருக்கின்றன.

எங்கள் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது தாங்கள் அறிந்ததே. அதற்காகத்தானே இயந்திரம் தந்தீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வராத நாள்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரே கதி. நிலைப்பற்கள் உருவாகும் வயதில் அந்த நீரைக் குடித்த பிள்ளைகளின் பல்லில் ஏறும் பழுப்புக் கறை எந்தப் பற்பசைக்கும் போவதில்லை. இயந்திரத்தைத் திறந்துவைத்த அன்று தங்கள் புகைப்படக்காரர் “பல்லு தெரியச் சிரிங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லியும், ஆறாம் வகுப்புப் பெண்கள் சிலர் உதட்டை இறுக மூடியபடியே நின்றார்கள். அந்தப் படத்தைத் தங்கள் ஆண்டு மலரில் இன்றும் பார்க்கலாம்.

பின்னர் இயந்திரத்தில் நீரை வடிகட்டும் சவ்வான மெம்பரேன் அடைத்துக்கொண்டது. நிறுவனத்தாரைக் கேட்டால் பராமரிப்பு ஒப்பந்தம் போடவில்லை என்கிறார்கள். சங்கத்தாரைக் கேட்டால் அது போன தலைவர் காலத்து ப்ராஜெக்ட் என்கிறார்கள். தங்கள் சங்கத் தலைவரின் பதவி ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கி ஜூன் 30 அன்று முடிந்துவிடுகிறது. மெம்பரேனுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியவில்லை. சுண்ணக்கட்டி முதல் ஒழுகும் குழாய் வரை எல்லாவற்றையும் பள்ளி மானியத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டிய தலைமையாசிரியர் இதற்கு எங்கே போவார்? கல்வெட்டு மட்டும் எழுத்து மங்காமல் பளிச்சென்று இருக்கிறது.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே: எதைக் கொடுத்தாலும் குறைந்தது ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள்; அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவோடு எழுத்தில் ஒப்பந்தமாகச் செய்துகொள்ளுங்கள்.

இது தங்களுக்குப் புதிதன்று. ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியம் பெற, பணம் செலவாகி முடிந்த பின்னும் பயன் நீடிக்கும் என்று காட்டியாக வேண்டும். ஆனால் அந்த மானியம் 30,000 டாலருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்கானது. எங்களைப் போன்ற பள்ளிக்கு வரும் சிறு அன்பளிப்பைக் கேள்வி கேட்க ஆளில்லை. 1985இல் போலியோ ஒழிப்பைக் கையிலெடுத்த ரோட்டரி, 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெறும்வரை விடாமல் நின்றது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சொட்டு மருந்து கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு அடுத்த ப்ராஜெக்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்துக் குடிநீர் அரசின் கடமை. அது ஒரு சங்கத் தலைவரின் பதவிக்காலத்தை நம்பி இருப்பதே வெட்கக்கேடு. அதைக் கேட்கவேண்டியவர்களிடம் தனியே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். விழா மேடையில் தங்கள் அருகிலேயே அமர்ந்து பொன்னாடை போர்த்திக்கொள்பவர்களிடம் தாங்களும் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்துபோகாது.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டிருந்தால் பொறுத்தருள்க. ஸ்மார்ட் போர்டை நாங்கள் வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்பாக மெம்பரேனை மாற்றி, நீரைப் பரிசோதித்து, அந்த அறிக்கையைப் பள்ளிக்குத் தந்து, பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். விழாத் தேதியை அதன் பிறகு குறிக்கலாம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர்,
தர்மபுரி மாவட்டம்