வன்னியில் எவருக்கும் தெரியாதா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் அமெரிக்காவின் 'ஜெபர்டி' வினாடி வினா நிகழ்ச்சி பற்றியும் அதன் சம்பியன்கள் பற்றியும் ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். ஆசையோடு வாசிக்கத் தொடங்கினேன். நடுவில் ஒரு வரி. வன்னி போன்ற பின்தங்கிய பகுதிகளில் இப்படியொரு நிகழ்ச்சி இருப்பதே எவருக்கும் தெரியாது என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். மிச்சத்தை வாசிக்க அடுத்த நாள்தான் மனம் வந்தது.

அவர் யாரைக் கேட்டு இதை எழுதினார்? வன்னியில், மல்லாவியில் இருக்கும் என்னைக் கேட்கவில்லை. என் தம்பி குடும்பம் ரொறன்ரோவில் இருக்கிறது. அங்கே மாலையில் நிகழ்ச்சி போகும்போது இங்கே விடியற்காலை. மருமகள் கேள்விகளைக் குறித்து வைத்து, விடுமுறை நாளில் வீடியோ அழைப்பில் வாசிப்பாள். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பதில் சொல்லுவோம். நிகழ்ச்சியை 1984 முதல் நடத்திய அலெக்ஸ் டிரெபெக் கனடாவில் சட்பரியில் பிறந்தவர் என்று அங்குள்ள எங்கள் சனத்துக்கு ஒரு பெருமை. 2020 நவம்பரில் அவர் காலமான அன்று மருமகள் அழுதுகொண்டு எடுத்தாள். 2022இல் ரொறன்ரோவிலிருந்து போன மத்தேயா ரோச் தொடர்ந்து 23 ஆட்டங்கள் வென்றபோது, ஒவ்வொரு முடிவும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். இங்குள்ள எத்தனையோ வீடுகளுக்கு ரொறன்ரோவும் லண்டனும் பாரிஸும் பக்கத்து ஊர் மாதிரி. இது தங்களுக்குத் தெரியாததல்ல.

சரி, எங்களுக்குத்தான் தெரியாது என்றால், தெரிந்தவர் சரியாக எழுதியிருக்க வேண்டாமா? வழக்கமான ஆட்டங்களில் அதிகப் பணம் வென்றவர் ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் என்று போட்டிருக்கிறது. இல்லை. 2004இல் தொடர்ந்து 74 ஆட்டங்கள் வென்ற கென் ஜெனிங்ஸ் பெற்றது 25 இலட்சத்து 20 ஆயிரத்து 700 டொலர். 2019இல் ஹோல்ஸ்ஹவர் 32 ஆட்டங்களில் பெற்றது 24 இலட்சத்து 62 ஆயிரத்து 216 டொலர். கிட்ட வந்தார், தாண்டவில்லை. ஒரே ஆட்டத்தில் ஒரு இலட்சத்து 31 ஆயிரத்து 127 டொலர் வென்றதுதான் அவருடைய சாதனை. இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. 80களிலும் 90களிலும் வந்த சம்பியன்கள் ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வென்றதில்லை, இப்போதுள்ளவர்கள்தான் உண்மையான மேதைகள் என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஐந்து ஆட்டங்கள் வென்றவரை வெற்றியோடு அனுப்பிவிடுவார்கள். அதுதான் விதி. 2003இல்தான் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடமே ஜெனிங்ஸ் வந்தார். எல்லை போட்டு நிறுத்தப்பட்டவர்களைப் பார்த்து, நீங்கள் ஏன் அதற்கு மேல் போகவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? வன்னிப் பிள்ளைகளைப் பற்றியும் இதே நியாயத்தில்தான் எழுதுகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளுகிறது.

நான் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். 90களில், போர்க்காலத் தடையால், பற்றரி வன்னிக்குள் வர விடமாட்டார்கள். மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி கேட்டோம். இரவில் பிபிசி தமிழோசை. சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் நின்றுவிடும், அதனால் மாறி மாறிச் சுற்றுவோம். 1994இல் நெல்சன் மண்டேலா ஜனாதிபதியானதை அப்படித்தான் கேட்டேன். அடுத்த நாள் வகுப்பில் தென்னாபிரிக்காவுக்கு மூன்று தலைநகரங்கள், பிரிட்டோரியா, கேப்டவுன், புளும்ஃபொன்டெய்ன் என்று சொல்லிக்கொடுத்தேன். பாடப்புத்தகம் இல்லாத பிள்ளைகள் அதைச் சிமெந்துப் பை தாளில் எழுதிக்கொண்டு போனார்கள். ஜெனிங்ஸும் சிறுவயதில் தென்கொரியாவில் இருந்தபோது அமெரிக்க இராணுவத்தினருக்கான அலைவரிசையில்தான் ஜெபர்டி பார்த்து வளர்ந்தார். ஊரை விட்டு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், கேட்க ஒரு வழி கிடைத்தால் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள்.

போருக்குப் பிறகு எங்கள் மாணவர்களை ஒரு பொது அறிவுப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எதிரே நகரத்துப் பெரிய பாடசாலை. எங்கள் பிள்ளைகளுக்கு விடை தெரியும். ஆனால் மேசையில் இருந்த பஸரை, பதில் சொல்ல முந்தி அழுத்துகிற பொத்தானை, அன்றுதான் வாழ்க்கையில் முதன்முதலாகத் தொட்டார்கள். கேள்வி முடியுமுன் அழுத்தினால் புள்ளி குறையும். பயந்து தாமதித்தார்கள், மற்றப் பக்கம் முந்திவிட்டது. ஜெபர்டியிலும் இதுதான் முக்கியம். கேள்வியை வாசித்து முடிந்து விளக்கு எரிந்த பிறகுதான் பஸர் வேலை செய்யும், முந்தி அழுத்தியவருக்குக் கால் விநாடி பூட்டிவிடும். போட்டியாளர்கள் வீட்டில் பேனையை வைத்துக்கொண்டு விரலைப் பழக்குகிறார்கள். 2011இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் கணினி ஜெனிங்ஸையும் இன்னொரு சம்பியனான பிராட் ரட்டரையும் வென்றதற்கும் அந்தப் பஸர் வேகம் ஒரு பெரிய காரணம். உங்கள் கட்டுரையில் பஸர் என்ற சொல்லே இல்லை. எல்லாம் ஞாபகசக்தி, பரம்பரை மூளை என்று போகிறது. அன்று எங்கள் பிள்ளைகள் தோற்றதும் மண்டபத்தில் ஒருவர் இதேபோலத்தான் சொன்னார், வன்னிப் பிள்ளைகள்தானே என்று. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

ஹோல்ஸ்ஹவர் எப்படிப் படித்தார் என்பதையாவது எழுதியிருக்கலாம். நூலகத்தில் சிறுவர் பகுதியில், படங்கள் போட்ட சிறுவர் அறிவு நூல்களை எடுத்து வாசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவரைத் தோற்கடித்த எம்மா பெட்சர் ஒரு நூலகர். எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்? இங்கே சனசமூக நிலையத்தில் ஒரு அலுமாரி நிறையப் புத்தகமும் ஒரு பத்திரிகையும் இருந்தால், அதுவே தொடக்கத்துக்குப் போதும் என்று நம்பிக்கை வரும். அதை விட்டுவிட்டு, உங்களுக்குத் தெரியாது என்று முடித்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதுவதென்றால் கண்ணிவெடி, வெள்ளம், யானை, வறுமை. இவை இல்லாத வாரத்தில் நாங்களும் இல்லை. முன்பு இதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தில் பாதியை வெட்டி, ஊர்ப் பெயரையும் யாழ்ப்பாணம் என்று மாற்றிப் போட்டீர்கள். அப்போது பேசாமல் இருந்தேன். இத்தனை வருடமாக வாங்குகிற பத்திரிகையோடு சண்டை பிடிக்க விருப்பமில்லை. இப்போதும் விருப்பமில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதலாவது, ஜெனிங்ஸ், ஹோல்ஸ்ஹவர் தொகைகளைத் திருத்தி, ஐந்து ஆட்ட விதியையும் சேர்த்து அடுத்த இதழில் நாலு வரி போடுங்கள். பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைக்கிற பக்கம் அது. அடுத்தது, உங்கள் வாராந்தப் பொது அறிவுப் போட்டியின் கூப்பன். ஞாயிறு பத்திரிகை எங்கள் உள்ளூர்களுக்குத் திங்கள்தான் வருகிறது, சில வாரம் செவ்வாய். முடிவுத் திகதி புதன்கிழமை. மல்லாவியில் தபாலில் போட்டால் அது புதன்கிழமைக்குள் கொழும்புக்கு வந்து சேருமா? இங்கிருந்து அனுப்பிய கூப்பன் ஒன்றாவது உங்கள் பெட்டிக்குள் விழுந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். முடிவுத் திகதியை அதற்கடுத்த சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் விடைகளை வட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு இலக்கமாவது கொடுங்கள்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால், தயவுசெய்து ஊர்ப் பெயரை மல்லாவி என்றே போடவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மல்லாவி.