முதலில் ஸ்டாக் குப்பியைச் சந்தேகி

காலாப்பட்டு ஆய்வகத்தில் இருக்கும் தம்பிக்கு,

கே562 என்ற ரத்தப் புற்றுநோய் செல்கள், பிசிஆர்-ஏபிஎல் என்ற புற்றுநோய்ப் புரதத்தை அடக்கும் இமாட்டினிப் மருந்தை 1 மைக்ரோமோலார் கொடுத்தும் சாகவில்லை, மருந்தெதிர்ப்பு வந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். எதிர்ப்புள்ள செல்களை உருவாக்கவே மாதக்கணக்கில் டோஸை ஏற்றி ஏற்றி வளர்க்க வேண்டியிருக்கிறது. ஒரே வாரத்தில் தானாக வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

முதலில் ஸ்டாக்கை, அதாவது நீ கரைத்து வைத்திருக்கும் அடர் மருந்துக் கரைசலை, சரிபார். மருந்து டப்பாவின் லேபிளைப் பார். வெறும் இமாட்டினிப் என்றால் மூலக்கூறு எடை 493.6, மெசிலேட் உப்பு என்றால் 589.7. ஒரு மில்லிக்கு 10 மில்லிமோலார் ஸ்டாக் செய்ய முதலாவதில் 4.94 மி.கி., இரண்டாவதில் 5.90 மி.கி. வேண்டும். உப்பை வைத்துக்கொண்டு 4.94 மி.கி. எடைபோட்டிருந்தால் உன்னிடம் இருப்பது 8.4 மில்லிமோலார்தான்.

அடுத்த வில்லன், மருந்தைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ. காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். கடலோரத்தில், அதுவும் ஐப்பசி மழையில், கேட்கவே வேண்டாம். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். கரைந்திருந்த மருந்து படியவும் கூடும். 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 20இல் வை. அறை வெப்பத்துக்கு வந்தபின் திற. மீதியைத் திரும்ப உறைய வைக்காதே.

ஸ்டாக்கை நீர்க்கச் செய்வதை மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவம்) அல்ல, டிஎம்எஸ்ஓவிலேயே செய். 1 மில்லிமோலாரிலிருந்து 1 மைக்ரோலிட்டரை 1 மில்லி மீடியத்தில் விட்டால் 1 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். எல்லாக் குழியிலும், கன்ட்ரோலிலும், அதே 0.1 இருக்கட்டும். சீரம் அளவையும் மாற்றாதே. இந்த மருந்து புரதத்தில் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

24 மணி நேரத்தில் எண்ணினாயா? 72 வரை பொறு. இவை மிதக்கும் செல்கள். எம்டிடி (உயிருள்ள செல்களை நிறத்தை வைத்து அளக்கும் சோதனை) செய்யும்போது தட்டை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றாமல் மீடியத்தை உறிஞ்சினால் செல்லும் கூடவே போய்விடும்.

மருந்து இலக்கைத் தொட்டதா என்பதைச் சாவை வைத்து முடிவு செய்யாதே. நான்கு மணி நேரம் கழித்து பாஸ்போ-சிஆர்கேஎல் பிளாட் போடு: பிசிஆர்-ஏபிஎல் பாஸ்பேட் ஏற்றும் சிஆர்கேஎல் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை அது. பிசிஆர்-ஏபிஎல் அடங்கினால் அந்தப் பட்டை மங்கும். செல்லைக் கொதிக்கும் சாம்பிள் பஃபரில் நேராக உடை. தாமதித்தால் பாஸ்பேட் உதிர்ந்து பொய்யாக மங்கும். கூடவே பிசிஆர்-ஏபிஎல் இல்லாத ஹெச்எல்-60 செல்களையும் வை. அதுவும் சாகிறதென்றால் உன் டோஸோ டிஎம்எஸ்ஓவோ அதிகம்.

புது ஸ்டாக்கிலும் பட்டை மங்காவிட்டால் மட்டும் பிசிஆர்-ஏபிஎல்லின் கைனேஸ் பகுதியை (மருந்து ஒட்டும் பகுதி) வரிசைப்படுத்து, அதாவது அதன் மரபணு எழுத்துகளைப் படி. 315ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் ஐசோலூசினாகியிருந்தால் எத்தனை டோஸ் கொட்டினாலும் இமாட்டினிப் அங்கே உட்காராது.

அன்புடன்,
அக்கா