பத்துப் புள்ளி இருந்தால் 1970 ஆகிவிடாது

விற்பனைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: கேஸ் 6254 டிராப்பர் மடக்குக் கத்தி – தவறான ஆண்டு, மறைத்த பழுது, பணத்தைத் திருப்பிக் கேட்பது

வணக்கம்.

"1970, பத்துப் புள்ளி, சாணை காணாதது" என்று போட்டு நீங்கள் விற்ற கத்தி கைக்கு வந்தது. மாடல் எண் சரிதான்: 6 எலும்புக் கைப்பிடி, 2 இரண்டு பிளேடு, 54 வடிவத்தின் எண். மடக்கிய நீளமும் 4⅛ அங்குலம். சரியாக இருப்பது அவ்வளவுதான்.

கேஸ் (CASE) என்ற அமெரிக்கக் கத்திக் கம்பெனி 1970-ல் பிளேடின் அடியில் குத்தும் பெயர் முத்திரையில் பத்துப் புள்ளி வைத்து, வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. 1979-ல் மிஞ்சியது ஒரே புள்ளி. 1980-ல் மறுபடி பத்திலிருந்து ஆரம்பித்தார்கள். ஆகவே புள்ளியை மட்டும் எண்ணுகிறவர் பத்து வருடம் தவறுவார். பார்க்க வேண்டியது CASE என்ற பெயரிலுள்ள எஸ் (S) எழுத்தை. 1980-ல் அது மின்னல் கீற்றுப் போல மாறியது. இந்தக் கத்தியில் இருப்பது அந்த மின்னல் எஸ். உங்கள் படத்தைப் பெரிதாக்கினாலே தெரிகிறது.

சாணை விஷயம் இன்னும் மோசம். பெரிய பிளேடின் நுனி உடைந்து, வெட்டும் பக்கமாகத் தேய்த்துப் புது நுனி எடுத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் மடக்கும்போது நுனி கைப்பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பாக்கெட்டைக் கிழிக்கும். அதை மறைக்க, பிளேடின் அடியில் ஸ்பிரிங்கில் உட்காரும் சின்ன மேட்டை அரத்தால் ராவியிருக்கிறார்கள். பளபளப்பான அரக்கீறல் மூன்று அங்கே தெளிவாக இருக்கிறது. மேடு குறைந்ததால் பிளேடு ஆழமாக இறங்கி, வெட்டும் விளிம்பு ஸ்பிரிங்கில் இடிக்கிறது. இடித்த இடத்தில், அந்த விளிம்பின் நடுவில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம். ராவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

தோல் உறையில் போட்டு அனுப்பியதும் தவறு. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கைப்பிடிக்கு உள்பக்கமுள்ள பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது.

"பாலிஷ் போட்டுத் தருகிறோம்" என்று உங்கள் சேவைப் பிரிவு எழுதியிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பாலிஷ் போடும் பஃப் சக்கரம் பட்டால் முத்திரையின் விளிம்பு மழுங்கும், புள்ளிகள் கரையும், மிச்சமிருக்கும் மதிப்பும் போய்விடும்.

முழுப் பணத்தையும், கத்தியைத் திருப்பி அனுப்பும் செலவையும் 15 நாளுக்குள் தர வேண்டும். இதே கத்தியை மறுபடி விற்பதானால் 1980 என்றும், நுனி மாற்றியது, மேடு ராவியது என்றும் எழுதியே விற்க வேண்டும். முத்திரை, மேடு, ஸ்பிரிங் மூன்றின் நெருக்கப் படங்களும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்