மழைக்குத் தாங்குகிற லைட்

மேடவாக்கம், சென்னை

அன்புள்ள தேன்மொழி,

தீபாவளி முடிந்ததும் இங்கே வந்து, ஈ.சி.ஆர். வழியாக ராமேஸ்வரம் வரை சைக்கிளில் போகப்போவதாகச் சொன்னாய். போய்விட்டு வா, தடுக்க மாட்டேன். ஆனால் அது அடைமழைக் காலம். நவம்பரில் 5:40 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மேகம் கூடினால் அதற்கும் முன்னாலேயே இருட்டிக்கொண்டு வரும். அதனால் லைட் விஷயத்தில் மட்டும் அம்மா சொல்வதைக் கேள்.

நீ அனுப்பிய லைட் படத்தில் 1200 லூமென் என்று வெளிச்ச அளவைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதைப் பார்த்து வாங்காதே. கிண்டி தொழிற்பேட்டையில் பேனல் போர்டு செய்தவள் நான். எந்தப் பெட்டியானாலும் தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகும் என்றுதான் முதலில் பார்ப்போம். சைக்கிள் லைட்டில் அந்த வழி பெரும்பாலும் சார்ஜ் போடுகிற ஓட்டைதான். அதற்கு நக அகலத்தில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். கடையிலேயே விரலை நனைத்துக்கொண்டு அதை மூடிப் பார். ஒரு முனையை அழுத்தும்போது மறுமுனை எழும்பினால் அந்த லைட்டை வைத்துவிட்டு வந்துவிடு. நல்ல மூடி ஓட்டைக்குள் ஆழமாக இறங்கி, சுற்றிலும் இடைவெளியே தெரியாமல் உட்காரும்.

பெட்டியில் ஐ.பி.எக்ஸ். என்று போட்டு ஒரு எண் இருக்கும். 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். 5, 6 என்றால் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். 7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்குவது. 7 இருந்தால் 6-ம் அதில் அடக்கம் என்று நினைக்காதே, இரண்டும் வேறு வேறு சோதனை. பஸ் உன்னைத் தாண்டும்போது வாரி அடிக்குமே, அதற்கு 6 போட்டது எனக்குப் பிடிக்கும்.

பின் லைட்டில் காசு பார்க்காதே. இரண்டு வாங்கு. ஒன்று நின்றுபோனாலும் ஓட்டுகிறவளுக்குத் தெரியாது, அதுதான் எனக்குப் பயம். சீட்டுக்குக் கீழே மாட்டினால் பையும் மழைக்கோட்டும் மறைத்துவிடும். கேரியரின் கடைசியில் போல்ட் போட்டு முடுக்கு. இரண்டில் ஒன்றாவது விட்டுவிட்டு மின்னாமல் நிலையாக எரியட்டும். மின்னுகிற லைட்டை வைத்து நீ எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்று லாரிக்காரர் கணிப்பது கஷ்டம். ஜெர்மனியில் சைக்கிளுக்கு மின்னுகிற லைட்டே கூடாது என்று சட்டம். டீக்கடையில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடியில் படிந்த சேற்றைத் துடை.

முன் லைட்டுக்கு நிலையாக எரியும் 300, 400 லூமென் போதும். கொட்டுகிற மழையில் வெளிச்சத்தைக் கூட்டினால் துளிகளில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பும். சற்றுத் தாழ்த்தி, சாலையைப் பார்த்து வை. கழற்றி மாட்டும் 18650 என்கிற சார்ஜ் செல் என்றால் நல்ல கம்பெனிச் செல்லாகப் பார். 9900 எம்.ஏ.எச். கொள்ளளவு என்று அச்சடித்து விற்பதெல்லாம் பொய். அந்த அளவுச் செல்லில் 3500 வந்தாலே பெரிய விஷயம்.

முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பிலேயே டைனமோ வைத்ததைப் பற்றிக் கேட்டிருந்தாய். 6 வோல்ட், 3 வாட். சார்ஜ் கவலையே இல்லை, நின்ற பிறகும் சில நிமிடம் எரிகிற மாதிரி லைட்டும் கிடைக்கிறது. அருமையான ஏற்பாடுதான். ஆனால் சக்கரத்தையே மாற்றிக் கட்ட வேண்டும், விலையும் அதிகம். வருஷா வருஷம் போவதாக இருந்தால் செய். இந்த ஒரு பயணத்துக்கு பேட்டரி லைட்டே போதும்.

அப்புறம், ஈரத்தோடு சார்ஜ் போடாதே. ஓட்டைக்குள் சொட்டுத் தண்ணீர் இருந்து கரண்டும் பாய்ந்தால் பின்கள் அரித்துப் பச்சை பூத்துவிடும். உதறி, துடைத்து, ஃபேன் காற்றில் நன்றாகக் காயவிட்டு அப்புறம் போடு. வாங்கியதும் லைட்டை எரியவிட்டு ஷவருக்கு அடியில் கால் மணி நேரம் பிடி. கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் பில்லோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோ.

வாங்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா