அன்சாக் நாளும் நம் பிள்ளைகளும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போர்களில் மாண்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாளான ஏப்ரல் 25 இந்த ஆண்டு சனிக்கிழமையில் வருகிறது. அன்று நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு விடுமுறை. மே 9 சனிக்கிழமை, ஐந்தாம் வகுப்பு முதல் மேலுள்ள மாணவர்களைப் பல்லாரட் நகரிலுள்ள போர்க் கைதிகள் நினைவிடத்துக்கு அழைத்துச் செல்கிறோம்.

சென்ற பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது ஒரு தந்தை எழுந்து கேட்டார்: "பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வாரத்தில் மூன்று மணி நேரம்தான் கிடைக்கிறது. ஆஸ்திரேலியப் போர்வீரர்களைப் பற்றி வாரநாள் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார்களே, நாமும் ஏன் ஒரு நாளைச் செலவழிக்க வேண்டும்?" நேரம் போதாததால் அன்று சுருக்கமாகப் பதில் சொன்னேன். கேள்வி நியாயமானது, முழுப் பதிலை எல்லோருக்கும் எழுதுவதே முறை.

வாரநாள் பள்ளியில் நம் பிள்ளைகள் கலிப்பொலியைப் படிக்கிறார்கள். 1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் துருக்கிக் கரையில் இறங்கிய படை, எட்டு மாதப் போர், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்களின் சாவு, கடைசியில் எதையும் வெல்லாமல் திரும்பி வந்தது. அன்சாக் பிஸ்கட் செய்யவும் கற்றுக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இரண்டாம் உலகப் போரில், சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானிய இராணுவம் போட்ட ரயில்பாதையில், ஆஸ்திரேலியச் சிப்பாய்களும் மலாயாத் தமிழர்களும் ஒரே காட்டில் ஒரே காலராவுக்குப் பலியானார்கள் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? மேல்வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு மாணவி கை தூக்கினாள். அவளுடைய குடும்பம் மலேசியாவிலிருந்து வந்தது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவின் எட்டாவது டிவிஷனைச் சேர்ந்த ஏறத்தாழ 15,000 பேர் அங்கே கைதானார்கள். யாரும் வற்புறுத்தி அனுப்பப்பட்டவர்கள் அல்லர்; தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்கள். பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல் வழியாகச் சரக்கு அனுப்புவது ஜப்பானுக்கு ஆபத்தாகிவிட்டது. அதனால் தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் தூரத்துக்குக் காட்டையும் மலையையும் வெட்டி ரயில்பாதை போடுவது என்று முடிவாயிற்று. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் அந்த வேலையில் இறக்கப்பட்டார்கள். அவர்களில் 13,000 பேர் ஆஸ்திரேலியர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. ஆஸ்திரேலியரில் ஏறத்தாழ 2,800 பேர் வீடு திரும்பவில்லை.

கொன்யூ என்ற இடத்தில் பாறை மலையைப் பிளக்க வேண்டியிருந்தது. அந்த வேலை 1943 ஏப்ரல் 25 அன்று, ஏறத்தாழ 400 ஆஸ்திரேலியக் கைதிகளைக் கொண்டு தொடங்கியது. அன்சாக் நாளிலேயே! ஒருவர் துளைக்கம்பியைப் பாறைமீது செங்குத்தாகப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருப்பார்; இன்னொருவர் சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பார். துளை போதிய ஆழம் போனதும் வெடி வைப்பார்கள். சிதறிய கற்களைக் கையால் பொறுக்கிக் கூடையில் சுமந்து கொட்டுவார்கள். காலில் செருப்பில்லை. இடுப்பில் ஒரு துணி மட்டும். பாதையைச் சீக்கிரம் முடிக்கும்படி நெருக்கடி வந்தபோது, நாளில் பதினெட்டு மணி நேரம்வரை வேலை வாங்கினார்கள். இரவில் மூங்கில் பந்தங்களும் தீக்குவியல்களும் எரிய, அந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான மனிதர்கள் சம்மட்டி ஓங்குவதைப் பார்த்தவர்களுக்கு அது நரகமாகவே தெரிந்தது. 'ஹெல்ஃபயர் பாஸ்' (நரகத்தீக் கணவாய்) என்று அந்த இடத்துக்குப் பெயர் வந்தது இப்படித்தான். இன்று அங்கே போகிறவர்கள் பாறையில் உடைந்து சிக்கிய ஒரு துளைக்கம்பியைப் பார்க்கலாம். அடித்தவர் யார், பிடித்தவர் யார் என்பது தெரியாது. கம்பி மட்டும் பாறைக்குள் அப்படியே நிற்கிறது.

சோறும் நீர்த்த காய்கறிக் குழம்புமே சாப்பாடு. வயிற்றுப்போக்கு, மலேரியா, சத்துக்குறைவால் வரும் பெரிபெரி, சதையை அரித்து எலும்பைக் காட்டும் காற்புண். மழைக்காலம் தொடங்கியதும் காலரா வந்தது. மருந்து இல்லாத அந்த முகாம்களில் கைதிகளான மருத்துவர்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நெகிழ்கிறது. தண்ணீரைக் காய்ச்சி, உப்புக் கலந்து, மூங்கில் குழாயும் ஸ்டெதஸ்கோப் ரப்பரும் கொண்டு நரம்பில் ஏற்றினார்கள். நம் விக்டோரியா மாநிலத்தில் பிறந்து வளர்ந்த அறுவை மருத்துவர் எட்வர்ட் 'வியரி' டன்லப் அவர்களில் ஒருவர். மெல்பனில் நினைவு மண்டபத்துக்கு அருகே அவருடைய சிலை நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இவர் எந்தக் காட்டில் யாரைக் காப்பாற்றினார் என்றும் சொல்லுங்கள்.

இனி நம்மவர்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டியும், பிறகு பிடித்து வண்டியில் ஏற்றியும் இதே பாதைக்குக் கொண்டு போனார்கள். சிலர் மனைவி மக்களோடு போனார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் என்று மற்ற ஆசியத் தொழிலாளர்களையும் சேர்த்தால் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். சிப்பாய்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே என்று கண்டிக்க ஆள் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு யாரும் இல்லை. காலரா ஒரு முகாமில் நுழைந்தால் முகாமே காலியானது. 1943-ன் நடுப்பகுதியில் சிங்கப்பூரிலிருந்த கைதிகளிலிருந்து மருத்துவர்களையும் உதவியாளர்களையும் இரண்டு குழுக்களாக்கி இந்தத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்தக் குழுக்களில் ஆஸ்திரேலியர்களும் இருந்தார்கள். தாங்களே பட்டினியில் கிடந்தவர்கள் நம் மக்களின் மலத்தைக் கழுவி, பிணத்தை அகற்றினார்கள். எனக்குத் தெரிந்து இதைச் சொல்லாமல் தமிழ்ப் பிள்ளைக்கு அன்சாக் நாளை விளக்க முடியாது.

போர் முடிந்ததும் 1945 செப்டம்பரில் ஒரு சிறு குழு அந்தப் பாதை நெடுகப் போயிற்று. கைதிகள் உயிரைப் பணயம் வைத்து மறைத்து வைத்திருந்த குறிப்புகளை வைத்துக்கொண்டு 144 இடுகாடுகளைத் தேடியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளில் அவர்களால் கண்டுபிடிக்க முடியாமல் போனவை 52 மட்டுமே. இன்று காஞ்சனபுரியிலும் தன்பியூசாயாட்டிலும் ஒவ்வோர் ஆஸ்திரேலியனுக்கும் தாழ்வான ஒரு கல், அதில் வெண்கலத் தகடு, பெயர், வயது, வீட்டார் சொல்லி எழுதிய ஒரு வரி. அங்கேயே மாண்ட தமிழர்களுக்கு அப்படி ஒரு கல்லும் இல்லை. அண்மை ஆண்டுகளில்தான் மலேசியத் தமிழர்கள் முயன்று காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். இதை நான் குறையாகவோ ஒப்பீடாகவோ சொல்லவில்லை. இறந்தவனை விட்டுவிடக் கூடாது என்று ஒரு சமூகம் உறுதியாக நினைத்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்பதை அந்த 52 என்ற எண் எனக்குக் காட்டுகிறது. நம் பிள்ளைகள் அதை இந்த நாட்டிடமிருந்து கற்றுக்கொள்ளட்டும்.

பல்லாரட் தாவரவியல் பூங்காவில் 2004-ல் திறக்கப்பட்ட நினைவிடத்தில், நீண்ட கறுப்புக் கருங்கல் சுவரில், போயர் போர் முதல் கொரியப் போர் வரை கைதான ஏறத்தாழ 35,000 ஆஸ்திரேலியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெயர்மேல் விரல் வைத்துப் படிக்கலாம். அருகிலேயே முதல் உலகப் போர்க் காலத்து மர நெடுஞ்சாலை தொடங்குகிறது: 22 கிலோமீட்டர், அந்த ஊரிலிருந்து போருக்குப் பெயர் கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு மரம் என ஏறத்தாழ 3,800 மரங்கள். ஒரு துணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் பணம் திரட்டி நட்டவை அவை. பஸ் அந்தச் சாலையில் சிறிது தூரம் போய்த் திரும்பும்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் உங்களில் பலர் போரிலிருந்து தப்பி வந்தவர்கள். சீருடையைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும் என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். இறந்த உறவுக்கு விளக்கேற்ற ஓர் இடம்கூட இல்லாத குடும்பங்களும் நம்மிடையே உண்டு. உங்களில் யாரையும் அன்சாக் நாளின் விடியற்கால நினைவு வழிபாட்டுக்கு வரும்படி நான் கேட்கவில்லை. பிள்ளையைப் பல்லாரட்டுக்கு அனுப்ப மனமில்லை என்றால் காரணம் எழுத வேண்டியதில்லை; அன்று பள்ளியில் வழக்கமான வகுப்பு ஒன்று நடக்கும். ஆனால் ஒன்றை நம்பிக்கையோடு சொல்கிறேன்: போரைப் போற்ற நாங்கள் அழைத்துப் போகவில்லை. துப்பாக்கியோ பீரங்கியோ வரையச் சொல்ல மாட்டோம். மேடைப் பேச்சும் இல்லை. எலும்புக்கூடாய் நிற்கும் கைதிகளின் புகைப்படங்களை எட்டாம் வகுப்புக்குக் கீழே யாருக்கும் காட்டப் போவதில்லை. நீங்களும் வீட்டில் காட்ட வேண்டாம்.

இன்னொன்று. நம் பிள்ளைகளோடு வாரநாள் பள்ளியில் ஜப்பானியக் குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். எண்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் இராணுவம் செய்த கொடுமைக்கு ஒன்பது வயதுச் சிறுமி பதில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் பேசும்போது இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேலை. கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் இணையதளத்தில் போரில் மாண்டவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். நினைவகச் சுவரில் அவற்றைப் பொறித்தபோது யாருக்கும் பதவி எழுதவில்லை, சாவில் எல்லோரும் சமம் என்பதால். நீங்கள் வசிக்கும் புறநகரோடு தொடர்புள்ள ஒருவரைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பெயர், ஊர், இறந்த இடம், இறந்த நாள் ஆகியவற்றைத் தமிழில் ஐந்தாறு வாக்கியங்களாக எழுதி மே 2 வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழக்கிவிடுங்கள். வகுப்பில் உரக்கப் படிப்பார்கள். எழுத்துப் பிழைகளை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். மரண ரயில்பாதைக்குப் போன தாத்தாவோ பெரியப்பாவோ உங்கள் வீட்டில் பேசப்பட்டிருந்தால், மே 2 அன்று மேல்வகுப்பில் வந்து சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். எழுதி எடுத்துவர வேண்டியதில்லை, வீட்டில் பேசுவது போலப் பேசினால் போதும். முன்கூட்டியே எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு கொடுங்கள்.

பயண விவரம்: மே 9 காலை 8 மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து பஸ் புறப்படும், மாலை 4.30-க்குத் திரும்பும். பல்லாரட்டில் மே மாதக் குளிர் கடுமையாக இருக்கும், மேலங்கியும் மூடிய காலணியும் கட்டாயம். மதிய உணவு வீட்டிலிருந்து. ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பதால் நிலக்கடலை, முந்திரி சேர்த்த எதையும் கொடுத்தனுப்பாதீர்கள். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் மே 2 அன்று வகுப்பாசிரியரிடம் வந்துவிட வேண்டும். பஸ்ஸில் சில இருக்கைகள் மீதம் இருக்கின்றன. தாத்தா பாட்டிமார் வர விரும்பினால் படிவத்தின் கீழே அவர்கள் பெயரையும் எழுதிவிடுங்கள். நடக்கச் சிரமப்படுவோருக்காகச் சக்கர நாற்காலி ஒன்று ஏற்பாடு செய்திருக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்