நாற்பது பேருக்கு இனிப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே சிங்கப்பூரில் நாங்கள் எல்லோரும் நலம். பிறந்தநாள் படங்களைப் பார்த்துவிட்டு, இத்தனை பேருக்கு யார் சமைத்தது, எவ்வளவு செலவு ஆச்சு என்று நீயும் அப்பாவும் மாறி மாறிக் கேட்டீர்கள். உன் பேரன் போனைப் பிடுங்கியதில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியை எழுதுகிறேன்.

படத்தில் தூண் தூணாகத் தெரிகிற இடம் மண்டபம் இல்லை அம்மா. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளம், வாய்ட் டெக் என்பார்கள். நகரமன்றத்தில் முன்பதிவு செய்தால் விசேஷத்துக்குக் கொடுப்பார்கள், மலாய்க்காரர்கள் கல்யாணமே அங்கே நடத்துவார்கள். நம் வீட்டு அடுப்பில் நாற்பது பேருக்குச் சமைக்க முடியாது, ஊர் மாதிரி சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டுக் கொல்லையில் கோட்டை அடுப்பு மூட்டவும் வழியில்லை. வெளியில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வந்தவர்கள் யார் தெரியுமா? பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம், எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, இவருடைய அலுவலகத்து ஆட்கள், அப்புறம் ஞாயிறு லீவு என்பதால் டார்மிட்டரியிலிருந்து, அதாவது வேலைக்கு வந்தவர்கள் தங்கும் விடுதியிலிருந்து, நம்ம ஊர்ப் பையன்கள். மலாய்க்காரர்களுக்கு ஹலால் வேண்டும். நம்மில் சிலர் சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. சீனப் பாட்டி சீனர்களின் சந்திர மாதக் கணக்கில் முதல் தேதியும் பதினைந்தாம் தேதியும் சைவம், அன்றைக்கு வெங்காயம் பூண்டுகூடத் தொட மாட்டார், நாங்கள் வைத்த நாள் பார்த்தால் அந்தப் பதினைந்தாம் தேதியாக அமைந்துவிட்டது. ஒருத்தரை "உங்களுக்குத் தனி டப்பா" என்று ஓரமாக உட்கார வைப்பது எனக்குப் பிடிக்காது. சாப்பாட்டில் இரண்டு மேஜை போட்டுத்தான் ஆக வேண்டும், இனிப்பாவது எல்லோரும் ஒரே தட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு கேட்டரிங் கம்பெனியில் கேட்டோம். தலைக்கு 16 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்பார்கள்), நாற்பது பேருக்கு 640. கொண்டுவந்து வைக்க 60, எல்லாவற்றுக்கும் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 763 வெள்ளி. சரி, உணவகத்துக்கே எல்லோரையும் கூட்டிப் போகலாமா என்று பார்த்தால் இரண்டு குலாப் ஜாமூன் போட்ட கிண்ணம் 7 வெள்ளி! உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்துக் கூட்டி அதன் மேல் ஜிஎஸ்டி. விலைப்பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அதுதான் அர்த்தம், 100 என்று போட்டது பில்லில் 119.90 ஆகும். இனிப்பு மட்டுமே 335 வெள்ளியைத் தாண்டும் என்று தெரிந்ததும் அந்த யோசனையை விட்டுவிட்டோம்.

பிறகு தனித்தனியாகச் சொன்னோம். ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் 26 பேருக்குப் பிரியாணி, தலைக்கு 7 வெள்ளி. நம்மவர்கள் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் ஒரு சைவக் கடையில் 14 பேருக்கு, தலைக்கு 6. பாட்டிக்காக எலுமிச்சை சாதத்தையும் ஒரு பொரியலையும் வெங்காயம் பூண்டு இல்லாமல் கேட்டு வாங்கினேன்.

இனிப்புக்கு வழி சொன்னது பக்கத்து வீட்டு மலாய் அக்காதான். அவருக்குத் தெரிந்த ஒரு அம்மா குவே, அதாவது இந்த ஊர்ப் பலகாரம், செய்து விற்கிறார், சின்ன வியாபாரம் என்பதால் ஜிஎஸ்டி கிடையாது (வருஷத்துக்குப் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் விற்றால்தான் கட்டாயம்). ஒன்று 80 காசு, 160 சொன்னோம், 128 வெள்ளி. அம்மா, நீ இதைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒண்டே ஒண்டே என்று ஒன்று, நம் பூரணக் கொழுக்கட்டைக்குக் கூடப்பிறந்தது மாதிரி. பசையரிசி மாவில் பண்டான் என்ற வாசனை இலையின் சாறு விட்டுப் பச்சையாகப் பிசைந்து, நடுவில் குலா மலாக்கா என்ற வெல்லத்தை வைத்து உருட்டி, வெந்நீரில் போட்டு மிதந்து வந்ததும் எடுத்துத் தேங்காய்த் துருவலில் புரட்டுவார்கள். குலா மலாக்கா தென்னம்பாளைப் பதநீரைக் காய்ச்சிச் செய்வது. கடித்தால் உள்ளே அது பாகாக உருகி இருக்கும், முழுசாக வாயில் போட வேண்டும், இல்லையென்றால் சட்டையில் தெறிக்கும். இன்னொன்று குவே லாபிஸ், அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்து ஒவ்வொரு நிறமாக ஊற்றி அவித்தது, பிள்ளைகள் அடுக்கு அடுக்காக உரித்துத் தின்றார்கள். இரண்டிலும் முட்டை கிடையாது. எல்லா குவேயும் அப்படி இல்லை, குவே சாலாட்டின் மேல் பச்சை அடுக்கில் முட்டை உண்டு, லாபிஸ் என்ற பெயரிலேயே அடுப்பில் சுடும் கேக் ஒன்று இருக்கிறது, அது முட்டையிலேயே செய்தது. அதனால் பெயரை மட்டும் சொல்லாமல் விளக்கிக் கேட்க வேண்டும்.

தேங்காய்ப் பண்டம் இந்த ஊர் வெக்கைக்கு நிற்காது, ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டையாகிவிடும். அன்றைக்கு மத்தியானம் செய்ததைச் சாயங்காலம் வாங்கி வந்தோம். பெரிய கேட்டரிங்காரர்கள் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று நேரம் எழுதி ஒட்டித் தர வேண்டும், இங்கே அது அரசாங்க உணவு அமைப்பின் விதி, சமைத்ததிலிருந்து 4 மணி நேரம் கணக்கு. நாங்களும் அதே கணக்கை வைத்துக்கொண்டோம்.

சீனப் பாட்டி தன் பங்குக்கு ஆமை வடிவில் சிவப்பாக அங் கூ குவே கொண்டுவந்தார், உள்ளே பாசிப்பருப்புப் பூரணம். பிள்ளை பிறந்து மாதம் நிறைந்தால் அவர்கள் வீடுகளில் இதைக் கொடுப்பார்களாம். அது சீனக் கடையில் வாங்கியது, அவரே முன்யோசனையாக மலாய்க்காரர்களுக்கு ஒத்துவராதோ என்று தனித்தட்டில் வைத்தார். பையன்கள் ஒண்டே ஒண்டே தட்டை இரண்டு தரம் காலி பண்ணினார்கள். ஊரில் அம்மா செய்வது ஞாபகம் வருது என்று ஒருத்தன் சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய் ரொம்ப நேரம் வரவில்லை.

தட்டு, தண்ணீர், ஜூஸ் 40 வெள்ளி சேர்த்து மொத்தம் 434. முந்நூறு வெள்ளிக்கு மேல் மிச்சம் என்று அப்பாவிடம் சொல்.

மலாய் அக்கா பொங்கலுக்கு நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் கேட்டிருக்கிறார், அதை நானேதான் செய்யப் போகிறேன். இருபது பேருக்கு அரிசி எவ்வளவு, வெல்லம் எவ்வளவு என்று உன் கைக்கணக்கைத் தம்பியிடம் சொல்லி எழுதி அனுப்பு. படி, உழக்கு என்று சொல்லாமல் கிலோவில் சொல்லம்மா, என்னிடம் இங்கே படி இல்லை.

அன்புடன்,
உன் மகள்